புகை எங்குள்ளதோ, அங்கு

ஒத்தக்கடை ஆட்டோ ஸ்டாண்டில் எழுதப்படாத ஒரு நாகரிகம் உண்டு. ஏறியவர் இருமிக்கொண்டே, "என்னப்பா இம்புட்டுப் புகை?" என்று கேட்டால், டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "முன்னால போற வண்டி சார்" என்பார். ஏறியவரும் எட்டிப் பார்க்க மாட்டார். முன்னால் போகிற வண்டியிலும் அதே நேரத்தில் அதே கேள்வி கேட்கப்பட்டு அதே பதில் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும். இப்படி மேலூர் சாலை நெடுக அவரவர் புகையை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லாமல், மாட்டுத்தாவணி போய்ச் சேர்வார்கள்.

ஸ்டாண்டில் இருபத்துமூன்று வண்டிகள். இருபத்துமூன்றுக்கும் புகைச் சான்று உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேன் வந்து புளியமரத்து நிழலில் நிற்கும். வண்டியைக் கொண்டுபோக வேண்டியதில்லை, நம்பரைச் சொன்னால் போதும். விவரம் தெரியாத ஒருவர் ஒரு தடவை வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வேன்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆஃப் பண்ணுங்கண்ணே, இங்க மனுசங்க வேலை பாக்குறோம்ல" என்று கோபித்துக்கொண்டார்.

அந்த இருபத்துமூன்றில் அதிகம் புகைந்தது வெள்ளைத்துரையின் வண்டி. பெட்ரோலில் எவ்வளவு மண்ணெண்ணெய் கலந்தால் வண்டி நிற்காமல் ஓடும் என்பதைப் பதினோரு வருடம் ஆராய்ந்தவர் அவர். அவர் போன தடத்தை அரை மணி நேரம் கழித்தும் கண்டுபிடிக்கலாம் என்று டீக்கடையில் சொல்வார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், கரண்ட் வேளை தப்பாமல் போகத் தொடங்கியிருந்த சமயம், மாற்று எரிபொருள் ஊர்தி ஊக்குவிப்பு ஆணையகம் என்ற ஒன்று மதுரையில் மண்டல அலுவலகம் திறந்தது. ஹைட்ரஜனில் ஓடும் ஆட்டோ ஒன்றை முன்னோடியாக விடுவது, அதற்கு ஈடாக ஊரிலேயே அதிகம் புகையும் ஆட்டோ ஒன்றை ஒழிப்பது என்பது கொள்கை. வெள்ளைத்துரை போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய பழைய வண்டியைப் போட்டோக்காரர் முன்னிலையில் இயந்திரத்தில் கொடுத்து நசுக்கினார்கள். நசுங்கும்போதும் அது கொஞ்சம் புகைந்தது.

புது வண்டியின் சூட்சுமத்தை, ஒத்தக்கடையில் கட்டியிருந்த ஹைட்ரஜன் நிலையத்தின் பொறியாளர் பத்ரிநாத் விளக்கினார். நல்ல மனிதர். பொய் சொல்ல வராது. அரசாங்க வேலையில் அது ஒரு குறைதான்.

"தண்ணியில கரண்டை விட்டா ரெண்டாப் பிரியும் வெள்ளைத்துரை. அதுல ஒண்ணு ஹைட்ரஜன். அதை சிலிண்டர்ல அடைச்சு வண்டியில மாட்டுறோம். வண்டி அதைக் காத்தோட சேத்து மறுபடி கரண்ட் எடுத்து ஓடும். குழாய் வழியா வெளிய வர்றது வெறும் தண்ணி. புகையே கிடையாது."

"தண்ணியில ஆரம்பிச்சுத் தண்ணியிலயே முடியுதா சார்?"

"ஆமா."

"அப்ப நடுவுல இம்புட்டு எதுக்கு சார்?"

பத்ரிநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, தொடக்க விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னார்.

தொடக்க விழாவில் ஒரு சிக்கல். புது வண்டி என்றால் சூடம் காட்டாமல் எடுப்பது இந்த ஊரில் நடக்காத காரியம். ஹைட்ரஜன் வண்டிக்கு நூறு அடிக்குள் தீ கூடாது என்பது ஆணையகத்தின் பாதுகாப்பு விதி. இரண்டையும் மீற முடியாது என்பதால், வண்டியைச் சாலையின் இந்தப் பக்கம் நிறுத்தி, அந்தப் பக்கம் டீக்கடை வாசலிலிருந்து சூடம் காட்டினார்கள். இடையில் போன மேலூர் பஸ் நாலுக்கும் ஒரு கரும்பு லாரிக்கும் ஆரத்தி கிடைத்தது. எலுமிச்சம்பழத்துக்குத் தடை இல்லை. வெள்ளைத்துரை வண்டியை அதன் மேல் ஏற்றினார். சத்தமே வரவில்லை.

"வண்டிய எடுப்பா" என்றது கூட்டம்.

"எடுத்துட்டேன்" என்று பத்தடி தள்ளியிருந்து குரல் வந்தது.

வண்டியின் பின்னால் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஸ்டாண்டுக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, உன் வண்டி பயத்துல ஒண்ணுக்கு இருக்குடா" என்றார். ஆணையகத்தின் பத்திரிகைக் குறிப்பில் இது, பொதுமக்கள் பெரும் ஆர்வத்துடன் கண்டுகளித்தனர் என்று வெளியானது.

திட்ட ஆணையின் ஒன்பதாம் பத்தியை அன்று யாரும் படிக்கவில்லை. மறுநாள் படித்தார்கள். 'ஊக்குவிப்பு பெறும் ஊர்தி எதுவாயினும், புகைச் சான்று பெற்ற பின்னரே பொதுச் சாலையில் பயணி ஏற்றுதல் வேண்டும்.'

இங்கே ஸ்டாண்டின் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டீக்கடைச் சுவரில் ஒரு தகரப் பலகை. இருபத்துமூன்று டிரைவர்களின் பேரும் அதில் வரிசையாக எழுதியிருக்கும். பேர் இருந்தால்தான் வரிசையில் வண்டி நிறுத்தலாம். முன்பு ஒருவர் துபாய்க்குப் போய் ஏழு வருடம் இடத்தைப் பிடித்து வைத்திருந்ததால், தொண்ணூறு நாள் சேர்ந்தாற்போல் ஆள் ஏற்றாதவர் பேர் அழிக்கப்படும் என்று சங்கம் விதி செய்து, பலகையின் அடியிலேயே எழுதியும்விட்டது. அடுத்த இடத்துக்குக் காத்திருந்தவர் சங்கச் செயலாளர் மொக்கைச்சாமியின் மச்சினன் கருப்பு. ஆக, வெள்ளைத்துரைக்குப் பழைய வண்டி இல்லை. புது வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. தொண்ணூறு நாளில் ஸ்டாண்டிலும் இடம் இல்லை. மொக்கைச்சாமி அன்றைக்கே ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டதாகத் தகவல்.

வெள்ளைத்துரை முதலில் புளியமரத்து வேனுக்குத்தான் போனார். வேன்காரர் படிவத்தைப் புரட்டினார்.

"பெட்ரோல் இருக்கு, டீசல் இருக்கு, கேஸ் இருக்கு. ஹைட்ரஜன் இல்லண்ணே."

"பெட்ரோல்னு போட்டு விடுய்யா."

வேன்காரர் முகம் சுருங்கிவிட்டது. "பொய் எழுதச் சொல்றீகளா? இத்தன வருசத்துல அந்தப் பழக்கம் நமக்கு இல்லண்ணே."

ஆணையகத்துக்கே சொந்தமாகப் புகைப் பரிசோதனைப் பிரிவு இருந்தது. கண்காணிப்பாளர் ராதாமணி அம்மாள். விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே பக்க எண் சொல்லக்கூடியவர். அவருக்குக் கீழே பரிசோதகர் முத்துக்குமரன், ஒரு கம்பி, ஒரு பெட்டி. முத்துக்குமரன் கம்பியை வண்டியின் குழாயில் விட்டார். பெட்டியில் பூஜ்ஜியம் வந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஸ்டார்ட்லதான் இருக்கு சார்."

நம்பிக்கை வராததால் வெள்ளைத்துரை வளாகத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். முத்துக்குமரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மூன்றாவது சுற்றில் கம்பிக்குள் தண்ணீர் போய்ப் பெட்டி அணைந்தது. அணைவதற்கு முன்பும் அது பூஜ்ஜியம்தான் காட்டியது.

ராதாமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பூஜ்ஜியம் வந்தால் ஊர்தி ஓட்டநிலையில் இல்லைன்னு அர்த்தம். விதி பதினாலு. ஓடாத வண்டிக்கு ஓட்டநிலைச் சான்று தர முடியாது."

"ஓடுது மேடம். நீங்களும் பாத்தீங்கள்ல?"

"நான் பாத்ததுக்குப் படிவத்துல இடம் இல்ல."

"புகையே இல்லங்கறதுக்கு ஒரு சான்று குடுங்க மேடம்."

"இல்லாததுக்கு எப்படிச் சான்று தர்றது? இருக்கிற புகை அளவுக்குள்ள இருக்குன்னுதான் நாங்க தர்றோம். கொஞ்சமாவது புகையோட வாங்க."

பிறகு அவரும், உடன் வந்திருந்த பத்ரிநாத்தும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள். இருவரும் சிரிக்கவில்லை. அதனால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று வெள்ளைத்துரை தெரிந்துகொண்டார்.

வீட்டில் கனகலட்சுமி கேட்டாள். "என்ன சொன்னாக?"

"புகையோட வரச் சொல்றாக."

"பதினோரு வருசம் புகைஞ்சீகளே, அப்பக் கேட்டாகளா?"

"அப்ப சான்று இருந்துச்சு கனகு."

ஸ்டாண்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கடைகடையாகப் போடுகிற சாம்பிராணிதான் அளவான புகை, யாருக்கும் கெடுதி இல்லாத புகை என்று முடிவாயிற்று. வெள்ளைத்துரை தணல் போட்ட தூபக்காலை அட்டைப் பெட்டிக்குள் மறைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். குழாய்ப் பக்கம் வைத்து ஊதவும், பெட்டியில் முள் அழகாக ஏறியது. முத்துக்குமரன் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பத்ரிநாத் உள்ளே வந்தார்.

"ஐயோ! சிலிண்டர்! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

ஓடினார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்த பதினெட்டுப் பேரில் ஆறு பேர் ஓடினார்கள். மற்ற பன்னிரண்டு பேர் அன்று வரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த விஷயம் தனிக் கோப்பாகப் போய்விட்டது. அதற்கும் நம் கதைக்கும் சம்பந்தமில்லை.

நாற்பதாவது நாள் பத்ரிநாத் மனம் கேட்காமல் ராதாமணியிடம் போய் நின்றார். வெள்ளைத்துரை ஓரமாக இருந்தார்.

"பாவம் மேடம் இவரு. புகை இல்லாதது இவர் தப்பா?"

"புகை இல்லாம எரிபொருள் உண்டா சார்? நீங்களே சொல்லுங்க."

பத்ரிநாத்துக்குத்தான் பொய் சொல்ல வராதே. "புகை அடியோட இல்லன்னு சொல்ல முடியாது மேடம். எங்க நிலையத்துல பாதி நாள் கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர் போட்டுத்தான் ஹைட்ரஜன் எடுக்கிறோம். அது டீசல். கொட்டாம்பட்டியில இருந்து டேங்கர்ல தண்ணி வருது. அதுவும் டீசல். யோசிச்சா, இந்த வண்டியோட புகை இருக்கு. வேற எடத்துல இருக்கு."

ராதாமணியின் முகம் மலர்ந்தது. அந்த அலுவலகத்தில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. அன்றே சென்னைக்கு விளக்கம் கோரிக் கடிதம் எழுதினார். இருபத்தாறு நாளில் பதில் வந்துவிட்டது. ஆணையக வரலாற்றில் இவ்வளவு விரைவாக ஒரு பதில் வந்ததில்லை. ஒரே வரி. 'புகை எங்குள்ளதோ, அங்கு அளக்கவும்.'

மறுநாள் பெட்டியும் கம்பியும் ஒத்தக்கடை நிலையத்துக்கு வந்தன. முத்துக்குமரன் ஜெனரேட்டரின் மேல் வெள்ளைத்துரையின் ஆட்டோ நம்பரைச் சாக்பீஸால் எழுதினார். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. 'முகப்பு விளக்கு' என்ற கட்டத்தில் இல்லை என்றும், 'பயணி இருக்கை' என்ற கட்டத்தில் டீசல் டிரம் ஒன்று என்றும் குறித்துக்கொண்டார். பிறகு கம்பியைப் புகைபோக்கியில் விட்டார்.

அனுமதிக்கப்பட்ட அளவு அறுபத்தைந்து. வந்தது தொண்ணூற்றொன்று.

மூன்று நாளில் அறிக்கை வீடு தேடி வந்தது. கனகலட்சுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தங்கள் ஊர்தி சாலையில் புகையாவிடினும், மேற்படி நிலையத்தில் நின்ற நிலையில் அளவுக்கு மிஞ்சிப் புகைவது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. உடனடியாக என்ஜினைச் சீர்செய்து மறுபரிசோதனைக்கு உட்படுத்தாவிடில் தாங்கள் திட்டத்திலிருந்து நீக்கப்படுவீர்கள்.'

"எந்த என்ஜினுங்க?"

"ஜெனரேட்டரு."

"அது உங்க வண்டியா?"

"கவர்மெண்டுல சொல்றாக."

அவள் அறிக்கையை மடித்து வைத்தாள். பிறகு, "அப்ப அதுல ஆள ஏத்தலாமா?" என்று கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். வெள்ளைத்துரை மட்டும் அன்று ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அந்த அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்ததில் அவருக்கும் கொஞ்சம் விதி ஏறியிருந்தது.

எண்பத்தேழாவது நாள் காலையில் ராதாமணி முன்னால் போய் நின்றார்.

"மேடம், அந்த ஜெனரேட்டர் என் வண்டிதான?"

"விதிப்படி ஆமா."

"என் வண்டிய நான் ஆஃப் பண்ணிக்கிறலாம்ல?"

ராதாமணி புத்தகத்தை எடுத்தார். அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தது அன்று ஒரு நாள்தான். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். "தடை ஒண்ணும் இல்ல" என்றார்.

ஜெனரேட்டரை அணைத்தார்கள். கரண்டும் இல்லாததால் ஹைட்ரஜன் வருவது நின்றது. ஆட்டோ சிலிண்டரில் மிச்சமிருந்த வாயுவை வெள்ளைத்துரை ஆளில்லாமல் ஓட்டியே இரண்டு நாளில் தீர்த்தார். வண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது. முத்துக்குமரன் ஜெனரேட்டரில் அளந்தார், பூஜ்ஜியம். ஆட்டோவில் அளந்தார், பூஜ்ஜியம்.

"இதுவும் பூஜ்ஜியம்தான மேடம்?" என்று அவர் தயங்கினார்.

"முன்னால வந்தது ஓடுற வண்டியோட பூஜ்ஜியம். அது விதிக்கு முரண். இது ஓடாத வண்டியோட பூஜ்ஜியம். இதுக்குத் தனிப் படிவமே இருக்கு."

இருந்தது. வெள்ளைத்துரைக்குச் சான்று கிடைத்தது. 'மேற்படி ஊர்தி, ஓடாதிருக்கும் வரை, முற்றிலும் மாசற்றது.' கூடவே, வண்டியின் முதுகில் மாட்ட ஒரு பச்சைப் பலகையும் கொடுத்தார்கள். 'அரசு அங்கீகாரம் பெற்ற மாசற்ற ஊர்தி' என்று அதில் வெள்ளை எழுத்தில் இருந்தது.

தொண்ணூறாவது நாள் காலையில், மொக்கைச்சாமி பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நனைத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைத்துரையும் கனகலட்சுமியும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார்கள்.

"மாப்ள, தப்பா நினைக்காத" என்றார் மொக்கைச்சாமி. "விதின்னா விதி. ஓடாத வண்டிய இங்க நிறுத்த முடியாது."

"பலகையில என்னண்ணே எழுதியிருக்கு? தொண்ணூறு நாள் ஓட்டாதவனா, ஆள் ஏத்தாதவனா?"

மொக்கைச்சாமி டீக்கடைச் சுவரிலிருந்த தகரப் பலகையைப் பார்த்தார். அவரே எழுதியது. "ஆள் ஏத்தாதவன்."

"ஆள் ஏத்துறேன்."

"இதுல எவன்டா ஏறுவான்?"

"நான் ஏறுறேன்" என்றது ஒரு குரல். பத்ரிநாத் டிபன் பெட்டியோடு நின்றிருந்தார். யாரையும் பார்க்காமல் ஏறி, பின் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார். வெள்ளைத்துரை ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று தள்ள, கனகலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். வண்டி நரசிங்கம் விலக்கு வரை போயிற்று. ஸ்டாண்டே எழுந்து நின்று பார்த்தது. பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் மொக்கைச்சாமியின் வேட்டியில் சொட்டியது.

இறங்கும்போது பத்ரிநாத், "நான் உண்மையைச் சொன்னதாலதான இம்புட்டும்?" என்றார்.

"விடுங்க சார். இனிமே பாத்துச் சொல்லுங்க" என்றாள் கனகலட்சுமி.

பேர் பலகையில் தங்கிவிட்டது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு பயணம் ஆணையகத்தின் ஆண்டறிக்கையில் ஏறிவிட்டது. 'பயணி ஒருவர் எரிபொருள் செலவு ஏதுமின்றியும், புகை ஏதுமின்றியும் கொண்டுசெல்லப்பட்டார்.' சென்னையில் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், மாநிலத்தின் எந்தத் திட்டமும் இவ்வளவு குறைந்த எரிபொருளில் இவ்வளவு தூரம் போனதில்லை என்று தெரியவந்தது. மதுரைத் திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிவித்தார்கள். ஆட்டோவை எடுத்துப்போய் அலுவலக வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள். கூண்டுக்குள் இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும் என்பதால் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினார்கள். அது இப்போது யாருடைய வண்டியும் இல்லை. ஆகவே யாரும் அளக்கவில்லை.

வண்டி போய்விட்டாலும் பச்சைப் பலகையைத் திருப்பிக் கேட்க விதி இல்லை. வெள்ளைத்துரை கருப்பிடம் அவன் பழைய வண்டியை வாடகைக்கு எடுத்தார். இடம் இல்லாத வண்டியும் வண்டி இல்லாத இடமும் ஒன்று சேர்ந்ததில் மொக்கைச்சாமிக்கும் மகிழ்ச்சிதான். வண்டியின் முதுகில் பலகையை மாட்டினார். அதன் பிறகு எந்தப் போலீஸ்காரரும் அதை நிறுத்தவில்லை. ஒரு மாதத்தில் மொக்கைச்சாமி, பலகை எழுதுகிறவரிடம் சொல்லி, மிச்சம் இருபத்திரண்டு வண்டிக்கும் அதே மாதிரி எழுதி வாங்கிவிட்டார். மண்ணெண்ணெய் மணமும் முன்பு போலவே இருந்தது.

பச்சைப் பலகை வண்டிதான் ஊரில் இப்போது மோஸ்தர். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் அதில்தான் போனார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் அதில்தான் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டன. "பச்சை போர்டு வண்டியாப் பாத்து ஏறு, புள்ளைக்கு இருமலா இருக்கு" என்று தாய்மார்கள் சொல்லி அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏறி ஐந்து நிமிடத்தில் பிள்ளை இன்னும் பலமாக இருமும். நல்லவேளை பச்சை வண்டியில் வந்தோம், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் ஆறுதல் அடைந்தார்கள்.

ஒருநாள் மதியம், அலுவலக ஜீப்புக்கு டீசல் போடப் பணம் ஒதுக்கீடாகாததால், ராதாமணி அம்மாள் ஸ்டாண்டுக்கு வந்தார். பலகையைப் படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை ஏதும் இல்லாததால் திருப்தியோடு ஏறிக்கொண்டார். முறைப்படி வரிசையில் முதலில் நின்ற வண்டி வெள்ளைத்துரையுடையது.

யானைமலை தாண்டுவதற்குள் ராதாமணிக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னப்பா இது, இம்புட்டுப் புகை?"

வெள்ளைத்துரை திரும்பவில்லை. "முன்னால போற வண்டி மேடம்."

ராதாமணி எட்டிப் பார்த்தார். உச்சி வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேலூர் சாலை காலியாகக் கிடந்தது.

"முன்னால ஒரு வண்டியும் இல்லையே."

"இருக்கு மேடம்" என்றார் வெள்ளைத்துரை, மரியாதையாக. "வேற எடத்துல இருக்கு."

ராதாமணி சற்று யோசித்தார். சென்னைக் கடிதத்துக்கு இது முற்றிலும் பொருந்தி வந்தது. சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இருமலுக்கு நடுவே தலையை ஆட்டினார்.